இதயம் உரைக்கும் ஈகை

நாஞ்சில் நாட்டுத் திருப்பதிசாரத்தில் எழுந்தருளியிருக்கும் எம்பெருமானுக்குத் திருவாழ்மார்பன் என்பது திருநாமம். திருமகள் உறையும் மார்பினன் என்பது பொருள். அவனைச் சேவிக்க வரும் அடியார் ஒவ்வொருவர் மார்பிலும் ஓர் உறுப்பு இடையறாது கைங்கரியம் செய்துவருகிறது. அதன் கணக்கைச் சற்றே நோக்குவோம்.

அமைதியாய் இருக்கும் ஒருவரின் இதயம் ஒரு துடிப்பில் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. நிமிடத்துக்கு 72 துடிப்பு எனக் கொண்டால் 5 லிட்டர். ஒரு நாளில் 7,200 லிட்டர். ஓராண்டில் 26 லட்சம் லிட்டர். எழுபது ஆண்டு வாழ்ந்தவரின் இதயம் 18 கோடி லிட்டருக்கு மேல் வழங்கியிருக்கும். அவருடலில் உள்ள இரத்தமோ சுமார் 5 லிட்டரே!

இத்தனையும் எங்கிருந்து வந்தது? வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கில மருத்துவர் இத்தகைய கணக்கொன்றைப் போட்டுப் பார்த்தார். உண்ணும் உணவிலிருந்து இவ்வளவு இரத்தம் புதிதாக ஊற இயலாது. சென்றதே சுற்றித் திரும்புகிறது என்று 1628-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார்.

இங்கே ஒரு தர்ம விசாரம் எழுகிறது. 18 கோடி லிட்டர் வழங்கிய இதயம், "நான் கொடுத்தேன்" என்று செருக்குறலாமா? வந்ததையன்றோ அது அனுப்பியது! தன் அறைகளில் இரத்தம் நிறைந்திருந்தும் இதயத்தசை பெரும்பாலும் அதை அங்கேயே எடுத்துக்கொள்வதில்லை. பெருந்தமனிக்கு அனுப்பிய பிறகே, அதினின்று கிளைக்கும் குழாய்களின் வழியே ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கைப் பெறுகிறது. அப்பங்கும் வேண்டாமென்று அது மறுப்பதில்லை. பங்கு நின்றால் பணியும் நின்றுவிடும்.

அங்ஙனமாயின் கொடுப்பவனுக்குச் சிறப்பே இல்லையா எனின், உண்டு. தன்னிடம் வந்ததைத் தேக்காமல், தேவையான இடத்துக்குச் செலுத்துவதே அவன் சிறப்பு. செல்வத்துக்கும் கல்விக்கும் இதுவே நியதி.

நம் நாட்டு இரத்த வங்கிகளில் ஒரு முறைக்குப் பெரும்பாலும் 350 மில்லிலிட்டர் பெறுகின்றனர். கணக்கிட்டால் ஐந்து துடிப்பின் அளவே! உடல்நலமுள்ளவருக்கு அதன் நீர்ப்பகுதி ஓரிரு நாளிலும், சிவப்பணுக்கள் சில வாரங்களிலும் ஈடாகிவிடும். பெறுபவருக்கோ அது பிரசவத்திலும் விபத்திலும் உயிராகவே அமையக்கூடும்.

அன்பர்களே! சேவை முடிந்து கோயில் வாயிலைக் கடக்கையில், மார்பில் கைவைத்து ஐந்து துடிப்பை எண்ணிப் பாருங்கள். அவ்வளவையேனும் பிறருக்கு ஈந்துள்ளோமா என்று தம்மைத் தாமே வினவுதல் நன்று.