செந்நெல்லும் கார்நெல்லும்

அரிவாட்டாய நாயனார் வரலாற்றை ஓதுவார் பலரும், அவர் தம் கழுத்தில் அரிவாள் பூட்டிய இடத்தில் நின்று கண்ணீர் வார்ப்பர். யாமும் நெடுநாள் அங்ஙனமே நின்றேம். தைத் திருவாதிரையில் தண்டலைச்சேரியிலே நாயனார் குருபூசை கண்டு, சம்பா அறுவடையாகும் வயல்களினூடே கும்பகோணத்துக்கு மீளுங்கால், அவ்வரலாற்றின் முற்பகுதியே எம் உள்ளத்தை உறுத்தலாயிற்று.

தாயனார் சோழநாட்டுக் கணமங்கலத்து வேளாளர், செல்வர். செந்நெல்லரிசியும் செங்கீரையும் மாவடுவும் நாடோறும் இறைவற்கு அமுது செய்விப்பார். செல்வம் தேய்ந்தது. கூலிக்கு நெல்லறுக்கப் புகுந்தார். செந்நெல்லறுத்த கூலி இறைவற்கு. கார்நெல்லறுத்த கூலி தமக்கு. பின்னர் வயலெங்கும் செந்நெல்லே விளைய, அதனைத் தம் பேறென மகிழ்ந்து, கூலி முழுதும் திருவமுதுக்கே ஆக்கினார். மனைவியார் கொல்லைக் கீரையை அட்டு இட்டார். அதுவும் அற்றபின் நீரே உணவாயிற்று. பசியால் தளர்ந்த ஒரு நாளன்றோ வயல்வெடிப்பிலே அமுது சிந்தியது! அரிவாளைக் கழுத்தில் வைத்தது அந்நாள் ஒன்றே. நெல்லைப் பகுத்ததோ நாடோறும்.

அப்பகுப்பினை எண்ணுமின். மாலையில் கூலிநெல்லுடன் வீடு திரும்புவார்க்குப் பசியுண்டு. 'இன்றொருநாள் மாற்றிக்கொள்வோம், இறைவன் கார்நெல்லை வேண்டாவென்பனோ?' என்னும் நியாயமும் உண்டு. அந்நியாயம் பொய்யுமன்று, நிறைவுடைய பொருட்கு எந்நெல்லும் வேண்டப்படுவதன்று. ஆயின், எடுத்துவைக்கும் கை உயிரினுடையது. 'நல்லது எனக்கு' என்று முந்தி எழுவது ஆணவத்தின் குரல். அம்மலம் அருளாலன்றி நீங்காதென்பது நம் சித்தாந்தத் துணிபு. அதுகொண்டு, அருள் வருங்காறும் வாளா இருப்பேம் என்பார்க்கு இடமில்லை. சரியை என்றொரு படி வகுத்தது கை பழகுதற்கன்றோ.

எம் செய்தி யாது? குருபூசைக்கு முந்திய பிரதோடத்தன்று, கடைத்தெருவிலே வீட்டுச் சமையற்கு நல்லெண்ணெயை மோந்து பார்த்து, விலை கேளாது, நல்லதையே எடுத்தேம். கோயில் விளக்குக்கோ, 'உணவுக்கு ஆகாது' என்று புட்டியின்மேல் அச்சிட்டிருந்த மலிந்த எண்ணெய். பழமும் அவ்வாறே; பெரிய சீப்பு பேரப்பிள்ளைகட்கு, சிறியது சுவாமிக்கு. 'பூசைக்கா, வீட்டுக்கா?' என்று கடைக்காரர் வினவியபோதும் நாணம் தோன்றிற்றிலது. அதுவே இப்பொழுது பெரிதும் வருத்துகின்றது. வறுமையாற் செய்தேமல்லேம். கை தானே அவ்வழிச் சென்றது.

நாயனாரின் மனைவியார் பெயரைச் சேக்கிழார் பெருமான் கூறிற்றிலர். சோறில்லாத கலத்தில் முகம் வாடாது கீரையைப் படைத்தவர் அவர். விரிவுரை செய்வோர் அவ்வம்மையாரை விரைந்து கடந்து செல்லுதல் எமக்கு உடன்பாடன்று. அவர் இசையாவிடின் அப்பகுப்பு எத்துணை நாள் நின்றிருக்கும்?

வீடு சேர்ந்ததும் எம் மனைக்கிழத்தியாரிடம் எண்ணெய்ச் செய்தியைக் கூறினேம். அவர் அடுக்களையிலிருந்த நல்லெண்ணெயிற் பாதியைக் கோயில் விளக்குக்கென வேறொரு புட்டியில் ஊற்றிவைத்து, மறுமொழி யாதுங் கூறாது தம் பணிமேற் சென்றனர். எஞ்சிய மலிந்த எண்ணெய் இன்னும் மாடத்திலேயே உளது. கதவுக் கீல்களுக்கு இட்டு வருகின்றேம்.