வரைந்தவர் யார்?

ஒரு டிராயிங்கைக் கையில் எடு. வலது பக்கக் கீழ் மூலையைப் பார். சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். பாகத்தின் பெயர், உலோகம், ஸ்கேல், திருத்த எண். அவற்றுக்கு நடுவே மூன்று கட்டங்கள்: வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். கோவை கணபதியிலும் அம்பத்தூரிலும் ஓசூரிலும் இப்படிப்பட்ட தாள்கள் எண்ணெய்க் கறையோடு மெஷினுக்கு மெஷின் செருகிக் கிடக்கின்றன. அந்த முதல் கட்டத்தில் யார் பெயர் இருக்கிறது? எங்கோ உட்கார்ந்திருக்கிற ஒருவர் பெயர். மைக்ரான் பிசகாமல் அதைச் செய்து முடித்தவன் நீ. உன் பெயருக்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

தம்பி, இது உனக்கு உறுத்தவில்லையா? எனக்கு உறுத்துவதற்கே பல வருடம் ஆனது. நீயாவது சீக்கிரம் உறுத்திக்கொள்!

டிப்ளமோ முடித்து ஒரு பட்டறையில் மில்லிங் மெஷின் முன்னால் நின்ற காலம். அலுமினியப் பெட்டி ஒன்று வேலைக்கு வந்தது. 40 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சதுரமாகக் குடைய வேண்டும். நான்கு உள்மூலைகளும் கூராக இருக்க வேண்டும் என்றது டிராயிங். மில்லிங் கட்டர் உருண்டை. சுற்றிக்கொண்டே மூலைக்குப் போகிற கட்டர் தன் வளைவை அங்கே விட்டுவிட்டுத்தான் வரும். மெஷின் முன்னால் ஒரு வாரம் நின்ற யாருக்கும் இது தெரியும். வரைந்தவருக்குத் தெரியவில்லை. திரையில் ஒரு கோடு இன்னொரு கோட்டைத் தொட்டது, அவர் வேலை முடிந்தது.

போய்ச் சொன்னேன். “சார், மூலையில 5 எம்எம் ரேடியஸ் விட்டா நம்ம மெஷின்லயே முடிஞ்சிரும்.” சூப்பர்வைசர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “டிராயிங்ல என்ன இருக்கோ அதைச் செய்யப்பா.” அந்த மூலைகளுக்காகச் செம்பில் எலெக்ட்ரோடு செய்து, வெளியே ஸ்பார்க் மெஷினுக்கு அனுப்பி, பெட்டிக்கு இரண்டு நாள் வீணானது. உள்ளே உட்காரப் போகிற சர்க்யூட் போர்டின் மூலைகள் ஏற்கெனவே வெட்டிவிடப்பட்டவை என்று பிறகு தெரிந்தது. அந்தக் கூர்மை உலகத்தில் யாருக்குமே தேவைப்படவில்லை!

அன்று இரவெல்லாம் சூப்பர்வைசரைத் திட்டித் தீர்த்தேன். இப்போது யோசித்தால் என்மேல்தான் கோபம் வருகிறது. ஒருமுறை சொன்னேன், வாயை மூடிக்கொண்டு போய்விட்டேன். வரைந்து காட்டியிருக்க வேண்டும். எனக்கு வரையத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ரோஷமும் இல்லை. பேச்சு காற்றோடு போய்விடும். தாள் மேசைமேல் கிடக்கும், யாராவது எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

வெட்டுகிறவனுக்குத் தெரிந்த ஒன்று வரைகிறவனுக்குத் தெரியாமல் இருக்கிறது. அது உன் விரல் நுனியில் இருக்கிறது. கட்டர் எப்போது அதிர்கிறது, சீவல் எந்த நிறத்தில் வந்தால் சூடு ஏறிவிட்டது, எந்த இடத்தில் கிளாம்ப் பிடித்தால் தகடு வளைகிறது எல்லாம் உனக்கு அத்துப்படி. அதைக் காசாக்கத் தெரியாமல் பீஸ் ரேட்டுக்கு விற்றுக்கொண்டிருக்கிறாய்.

நம்மால் டிசைன் எல்லாம் ஆகுமா என்று இழுக்காதே. உன் வீட்டு அடுப்படிக்குப் போ.

ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவிதான் சுற்றும். ஒரு கை குழவியைச் சுற்ற, மறு கை மாவைத் தள்ளிவிடும். அதை மெஷினாக்கச் சொன்னால் சாதாரண மூளை என்ன செய்யும்? கைக்குப் பதில் ஒரு மோட்டாரைக் கட்டி, அதே குழவியை அதே மாதிரி சுற்றவிடும். 1955-இல் கோவையில் பி. சபாபதி தொடங்கிவைத்த வெட் கிரைண்டர் வரிசையைப் பார். கணக்கே தலைகீழ்! குழவியை ஓரிடத்தில் பிடித்து நிறுத்தி, அடிக்கல்லைச் சுற்றவிட்டார்கள். மோட்டாரும் பெல்ட்டும் அடியில் போய் ஒளிந்துகொண்டன. மாவு தானாகவே குழவியைத் தேடி வந்தது. மறு கை செய்த வேலைக்கு ஓரமாக ஒரு தகடு, அவ்வளவுதான். எது சுற்ற வேண்டும், எது நிற்க வேண்டும் என்ற ஒரே கேள்வியை மாற்றிக் கேட்டதில் பாட்டிமார்களின் தோள் வலி போனது.

அதோடு விட்டார்களா? மாவை அள்ளி எடுப்பது சிரமம் என்றதும் கவிழ்த்து ஊற்றுகிற டில்டிங் கிரைண்டர் வந்தது. அடுக்குமாடி வீட்டில் இடமில்லை என்றதும் கூம்பு வடிவக் கற்களோடு மேசைமேல் ஏறியது. இன்று ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்பது புவிசார் குறியீடு பெற்ற பெயர். இதற்கு ஜெர்மனியிலிருந்து டிராயிங் வரவில்லை. இட்லி தின்னாத ஊரிலிருந்து எப்படி வரும்? வலி எங்கே இருக்கிறதோ அங்கே இருப்பவன்தான் அதற்கு மெஷின் செய்ய முடியும்.

படிப்பு இல்லையே என்கிறாயா? ஜி.டி. நாயுடு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். அதையே விலைக்கு வாங்கி, அக்கு அக்காகக் கழற்றி, திரும்பப் பூட்டினார். 1937-இல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் உருவானதில் அவர் பெயர் இருக்கிறது. இன்று அவினாசி சாலையில் அவர் பெயர் தாங்கிய மேம்பாலம் 10 கிலோமீட்டருக்கு நீள்கிறது. அதன்மேல் சர்ரென்று போகிறோம். அவர் செய்த முதல் காரியத்தை, அதாவது ஒரு ஸ்பேனரை எடுத்து ஒன்றைக் கழற்றிப் பார்ப்பதைச் செய்ய மட்டும் நமக்கு நேரமில்லை.

“அந்தக் காலம் வேற” என்பாய். ஆமாம், வேறுதான். அவரிடம் இல்லாதது உன்னிடம் இருக்கிறது.

கம்ப்யூட்டரில் வரைவது என்பதை 1963-இல் எம்ஐடியில் ஐவன் சதர்லாண்ட் செய்து காட்டியபோது அதற்கு ஓர் அறையை அடைக்கிற மெஷின் தேவைப்பட்டது. இன்று பழைய லேப்டாப் போதும். ஃப்ரீகேட் போன்ற மென்பொருளை ஒரு பைசா கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். 3டி பிரிண்டிங்கை எடுத்துக்கொள். புற ஊதா ஒளி பட்டால் இறுகும் பூச்சுகளோடு வேலை செய்துகொண்டிருந்த அமெரிக்கப் பொறியாளர் சக் ஹல், அதே ஒளியால் படலம் படலமாக இறுக்கி ஒரு முழுப் பொருளையே எழுப்பிவிடலாமே என்று யோசித்தார். 1983-இல் அவர் செய்த முதல் பொருள் கண் கழுவுகிற ஒரு சின்னக் கிண்ணம். ஸ்காட் கிரம்ப் 1988-இல் தன் மகளுக்கு ஒரு பொம்மைத் தவளை செய்ய உட்கார்ந்தார். இடம் சமையலறை, கருவி பசை உருக்கும் துப்பாக்கி. அதிலிருந்து பிறந்த முறையின் அடிப்படைக் காப்புரிமை 2009-இல் காலாவதியானது. அதற்குப் பிறகுதான் விலை மளமளவென்று சரிந்து, ஒரு ஸ்மார்ட்போன் விலைக்கு மேசை பிரிண்டர் வாங்கலாம் என்ற நிலை வந்தது. பூட்டு திறந்து இத்தனை வருடமாகிறது. நாம் இன்னும் வாசலில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறோம்!

இனி நான் சொல்லப் போவது கொஞ்சம் சுடும்.

ஏர்பஸ் ஏ320 நியோ விமானங்களில் வருகிற லீப் எஞ்சினின் எரிபொருள் முனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாயா? முன்பு சுமார் 20 பாகங்களைச் சேர்த்துச் செய்தது. ஜிஇ நிறுவனம் அதை ஒரே துண்டாக 3டி பிரிண்டிங்கில் எடுத்துவிட்டது. எடை 25 சதவீதம் குறைந்தது. கைதட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசி. இருபது ஒன்றானால் மீதி பத்தொன்பது எங்கே? அந்தப் பத்தொன்பதுக்கும் தனித்தனி டிராயிங் இருந்திருக்கும், தனித்தனி ஆர்டர் போயிருக்கும். யாரோ ஒருவர் லேத்தில் போட்டுத் திருப்பியிருப்பார். மின்சார வண்டி வந்தால் பிஸ்டன் வேண்டாம், வால்வு வேண்டாம், சைலன்சர் வேண்டாம். அவர்கள் தருவதைச் செய்து கொடுப்போம் என்று ஜாப் ஒர்க்கை மட்டுமே நம்பி உட்கார்ந்திருப்பவனின் டிராயிங்கைத்தான் வரைகிறவன் முதலில் அழிப்பான். அழிக்கிறவனுக்கு உன்மேல் பகை கிடையாது. நீ இருப்பதே அவனுக்குத் தெரியாது.

இதே மாற்றத்தை மறுபக்கம் நின்று பார்த்தவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். 2017-இல் ஸ்ரீநாத் ரவிச்சந்திரனும் மொயின் எஸ்.பி.எம்.மும், ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் எஸ்.ஆர். சக்கரவர்த்தியோடு சேர்ந்து அக்னிகுல் காஸ்மோஸ் என்ற ராக்கெட் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ராக்கெட் எஞ்சின் என்றால் நூற்றுக்கணக்கான பாகங்கள், வெல்டிங், சீல், அத்தனை இணைப்புகளிலும் கசிவு பயம். இவர்கள் எஞ்சினை ஒரே துண்டாக உலோகத்தில் அச்சிட்டார்கள். மண்ணெண்ணெய் வகை எரிபொருளும் உறையக் குளிர்ந்த திரவ ஆக்சிஜனும் சேர்ந்து எரிகிற செமி கிரையோஜெனிக் எஞ்சின். இணைப்பே இல்லையென்றால் இணைப்பில் கசிவது எப்படி?

ஆனாலும் அவர்கள் ராக்கெட் எடுத்த எடுப்பில் பறக்கவில்லை. 2024 மார்ச்சில் முதல் முறை தள்ளிப்போனது. ஏப்ரலில் இரண்டு முறை. மே 28 அன்று கடைசி நொடிகளில் நிறுத்தினார்கள். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது நான்கு தடவை நின்று போவது என்றால் என்னவென்று யோசித்துப் பார். கல்யாண மண்டபத்தில் முகூர்த்தத்தை நான்கு தடவை தள்ளிவைத்த மாப்பிள்ளை வீட்டைப் போல! இரண்டே நாள். மே 30 காலை ஸ்ரீஹரிகோட்டாவில் தாங்களே அமைத்த ஏவுதளத்திலிருந்து அக்னிபான் சோர்டெட் என்ற அந்த ராக்கெட் எழுந்தது. நிறுத்தியதால்தான் எழுந்தது என்பேன். கோளாறைக் கண்ட இடத்தில் கையைத் தூக்கி “நிறுத்து” என்று சொல்கிற தைரியம், ரிஜெக்‌ஷன் பீஸை ஸ்க்ராப் பெட்டிக்கு அடியில் ஒளித்துவைக்கிற புத்திக்கு நேர் எதிரானது. ஒளித்துவைத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

காலை நாலு மணிக்கு எழு, கண்ணாடியைப் பார்த்து “நான் வெல்வேன்” என்று நூறு தடவை சொல் என்கிற ஆசாமிகளை எனக்குப் பிடிக்காது. இரண்டாவது ஷிஃப்ட் முடித்து நள்ளிரவில் வருகிறவன் நாலு மணிக்கு எழுந்தால் மறுநாள் மெஷினில் விரலை விடுவான். நீ தூங்கு. எழுந்ததும் ஒரு வெர்னியரை எடு.

ராக்கெட் வேண்டாம். உன் மெஷினில் தினமும் உயிரை வாங்குகிற ஒரு ஃபிக்ஸ்சர் இருக்கும். பீஸை உட்காரவைக்கவே இரண்டு நிமிடம் தின்னும், ஆறு போல்ட்டைக் கழற்றச் சொல்லும். அதை அளந்து கம்ப்யூட்டரில் வரை. முதல் நாள் ஒரு வட்டம் போடவே முக்கால் மணி நேரம் ஆகும், ஆகட்டும். ஆறு போல்ட்டுக்கு ஒரு லீவர் போதுமா என்று பார். பிளாஸ்டிக்கில் பிரிண்ட் எடு. பிரிண்டர் இல்லையென்றால் எடுத்துத் தருகிற கடை இருக்கிறது. முதல் தடவை உடையும். விறகு நார் வாக்கில் பிளப்பது போல, அச்சிட்ட பிளாஸ்டிக் படலம் படலமாகப் பிளக்கும். உடைந்த துண்டைத் தூக்கி எறியாதே, எங்கே உடைந்தது என்று பார். திசையைத் திருப்பிப் போட்டு மறுபடி எடு. மூன்றாவது தடவை நிற்கும். நின்ற அன்று உன் நடையே மாறிவிடும், பந்தயம் கட்டுகிறேன்.

விசை எந்த வழியாகப் போகிறதோ அங்கே மட்டும் உலோகத்தை வைத்து மற்றதை அரித்தெடுக்கிற மென்பொருள் இப்போது வந்திருக்கிறது. அது தருகிற உருவம் எலும்பு மாதிரி, வேர் மாதிரி இருக்கும், பார்க்க அழகு. அதில் பாதியை எந்தக் கட்டராலும் வெட்ட முடியாது என்பது, நாம் சொல்லாவிட்டால், அதற்குத் தெரியாது. உனக்குத் தெரியும். ஆகவே ஏஐ வந்து என் வேலையைத் தின்றுவிடும் என்று டீக்கடையில் புலம்பாதே. அது வரைந்ததைப் பார்த்து “இந்த இடத்தில் டூல் போகாது” என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு வரையவும் தெரிந்திருந்தால் அவனை யாரால் அசைக்க முடியும்?

தங்கச்சி, விஎம்சி மெஷினில் புரோகிராம் ஏற்றிவிட்டு ஸ்டார்ட் பட்டனை மட்டும் அழுத்திக்கொண்டிருக்கிறாயே, உன்னிடமும்தான் பேசுகிறேன். “பொண்ணுங்களுக்கு இன்ஸ்பெக்‌ஷன் போதும்” என்று கேஜைக் கையில் கொடுத்து உட்காரவைப்பவரிடம் ஒரு டிராயிங்கை நீட்டு. ஐடிஐதானே, தமிழ் மீடியம்தானே, அப்பா கூலிதானே என்கிற பட்டியலையெல்லாம் தூக்கிக் குப்பையில் போடுங்கள். 0.02 மில்லிமீட்டர் டாலரன்ஸுக்கு உன் சாதி தெரியாது, இங்கிலீஷ் தெரியாது.

இப்போது எனக்கென்று ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. நான்கு மெஷின். போன மாதம் ஒரு பேரிங் ஹவுசிங்கை நானே வரைந்து, ரொம்பவும் ரசித்து, மெஷினுக்குக் கொடுத்தேன். சாயங்காலம் ஒரு பையன் வந்து நின்றான். சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை.

“அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த போல்ட்டுக்கு ஸ்பேனர் போகாதுங்ணா.”

பார்த்தேன். போகாது. சுவரையும் போல்ட் தலையையும் அவ்வளவு ஒட்டி வைத்திருந்தேன். சுருக்கென்றது. “டிராயிங்ல என்ன இருக்கோ...” என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது, சத்தியமாக.

நாற்காலியை விட்டு எழுந்து அவனை உட்காரச் சொன்னேன். மவுஸைப் பாம்பைப் பிடிப்பது போலப் பிடித்தான். இரவு ஒன்பதரை ஆனது. போல்ட்டை எட்டு மில்லிமீட்டர் வெளியே தள்ளி, சுவரில் ஒரு சாய்வு கொடுத்து முடித்தான். சேமிக்கப் போனபோது கீழ் மூலைக் கட்டத்தில் கர்சர் மின்னிக்கொண்டு நின்றது.

“இங்க என்ன போடறதுங்ணா?”

“உன் பேரு.”

ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினான். முடித்துவிட்டு நிமிர்ந்து, “இன்ஷியலும் போடலாங்ளா?” என்று கேட்டான்.