அடுப்பு எத்தனை மணி நேரம் எரிய வேண்டும்?



சென்ற மார்கழியில் இலண்டனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பன்வில பகுதித் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். இப்போது மனைவி, இரு பிள்ளைகள், ஊரிலிருந்து அழைத்துச் சென்ற வயதான தாயார் ஆகியோருடன் அங்கே குடியிருக்கிறார். அந்நாட்டு வீடுகளில் கொதிகலன் ஒன்று தண்ணீரைச் சூடாக்கிக் குழாய்கள் வழியே எல்லா அறைகளுக்கும் அனுப்பும். எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்று நேரம் குறித்து வைத்துவிடலாம். அவர் வீட்டில் காலை ஆறு முதல் எட்டு வரை, மாலை ஆறு முதல் ஒன்பது வரை, ஆக ஐந்து மணி நேரம். மனைவி போதாது என்கிறார். இவர் போதும் என்கிறார். ‘ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் எரிப்பது நியாயம்? சுவாமி, இதில் பாவ புண்ணியம் உண்டா?’ என்பது கேள்வி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: வாசித்தபோது சிரித்துவிட்டேன். கொதிகலன் பழுதுபார்ப்பவரிடம் கேட்க வேண்டியதைக் குருவானவரிடம் கேட்கிறாரே என்று எண்ணி, கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஓர் அலுவலாகக் கண்டியிலிருந்து வத்தேகம வழியாகப் பன்விலக்குப் போக நேர்ந்தது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தை நெருங்க நெருங்க, அந்திப் பனி தேயிலை மலைகளின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு லயத்தில் எனக்குத் தெரிந்த குடும்பத்தைப் பார்க்கப் போனேன். வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய காம்பரா, பத்தடிக்குப் பன்னிரண்டடி. மேலே தகரம், முன்னே இஸ்தோப்பு. பாட்டி, மகன், மருமகள், ஐந்து வயதுப் பேரன். சுவரோரம் ஒரே ஓர் அடுப்பு.

பாட்டி கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்பருகே இருந்தார். ‘சாமி, வெத்தல மடிக்கக்கூட வெரல் மடங்க மாட்டேங்குது. ராத்திரி இன்னும் ரெண்டு மணி நேரம் அடுப்ப எரிய விடச் சொல்லுங்க’ என்றார்.

மருமகள் கோபிக்கவில்லை. ‘அவங்க கேக்குறது நியாயந்தான் சாமி. ஆனா ராத்திரி எரிச்சுட்டா, காலையில பெரட்டுக்குப் போக முன்னுக்கு ஒரு தேத்தண்ணி வைக்க வெறகு இருக்காது. புகையில இவனுக்கு இழுப்பு வேற வருது’ என்று பிள்ளையின் நெஞ்சைத் தடவிக் காட்டினார்.

நான் பாட்டியின் பக்கம் திரும்பி, குருக்கள் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா, இளையவர்களின் கஷ்டத்தையும் பாருங்கள் என்றேன். அந்த மூதாட்டி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: ‘அவங்க மலையில ஏறி எறங்கி வேல செய்றாங்க சாமி, ஒடம்பு சூடா இருக்கும். நான் சும்மா குந்திக்கிட்டு இருக்கேன். அவங்க வேலைக்குப் போக அடுப்பு அணையும். அப்பத்தான் எனக்குக் குளிரு தொடங்குது.’

திரும்பி வந்ததும் இழுப்பறையைத் திறந்து இலண்டன் கடிதத்தை மறுபடி வாசித்தேன். காலை ஆறு முதல் எட்டு; மாலை ஆறு முதல் ஒன்பது. இடையில் பத்து மணி நேரம் அந்த வீட்டில் யார் இருக்கிறார்? முதல் முறை என் கண்ணில் படாத ஒரு வரி கடிதத்தின் கடைசியில் இருந்தது: ‘அம்மா பகலில் கோட்டைப் போட்டுக்கொண்டு இருப்பார், பழகிவிட்டது.’

வாசகர்களே, அப்போதுதான் விளங்கிற்று. பன்வில லயத்திலும் இலண்டன் வீட்டிலும் நெருப்பின் நேரத்தைக் குறித்தவர்கள் வெளியே போய் வருபவர்கள். அவர்கள் எழும்பும்போது நெருப்பு எழும்புகிறது. அவர்கள் புறப்படும்போது அது அணைகிறது. அவர்களை நான் குறை சொல்லவில்லை. உழைத்துக் குடும்பத்தைக் காப்பவர்கள் அவர்களே. ஆனாலும், ஆக அதிகமாகக் குளிர்பவர் யாரோ அவரைக் கேட்காமலே அந்த நேரம் குறிக்கப்பட்டுவிட்டது. முதுமையில் உடல் உண்டாக்கும் சூடு குறைகிறது. உள்ள சூட்டைக் காத்துக்கொள்ளும் ஆற்றலும் குறைகிறது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டலில், குளிர்காலத்தில் வீட்டின் உள்ளே 18 பாகை செல்சியஸ் வெப்பமாவது இருப்பது நலம் என்றும், முதியோருக்கும் நோயாளருக்கும் சிறு குழந்தைகளுக்கும் அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம் என்றும் கூறியது. ஆகவே கதகதப்பைக் கேட்கும் முதியவரைச் சொகுசு தேடுகிறவர் என்று ஒதுக்குவது தவறு. பொறுத்துக்கொள்ளச் சொன்ன நானும் தவறினேன்.

அப்படியானால், ‘இன்னும் இரண்டு மணி நேரம் எரியுங்கள்’ என்று மருமகளிடம் சொல்லியிருக்க வேண்டுமா? இங்கேதான் கேள்வி கடினமாகிறது.

நம் தமிழ் மரபில் குளிருக்கு இரங்கிப் புகழ்பெற்ற வள்ளல் ஒருவர் உண்டு. மழைக்கால மயிலைக் கண்டு, அது குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அளித்த பேகனைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அந்தக் கதையின் மறுபாதியை நாம் அதிகம் பேசுவதில்லை. அதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொரு பெண்ணிடம் இருந்தான். கபிலர், பரணர் போன்ற பெரும் புலவர்கள் அவனிடம் போய், பரிசில் வேண்டாம், உன் மனைவியின் துயரைத் தீர் என்று வேண்டிய பாடல்கள் புறநானூற்றில் இருக்கின்றன. மயிலின் நடுக்கத்தைக் கண்ட கண்கள் வீட்டில் அழுதவளைக் காணவில்லை. இரக்கம் பொய்யன்று, ஆனால் அது பக்கத்தில் இருந்தவளைத் தாண்டிப் போய்விட்டது.

பாட்டிக்கு இரங்கி இரண்டு மணி நேரத்தை நான் கூட்டச் சொல்லியிருந்தால், அந்த விறகைப் பொறுக்கப் போவது யார்? நானல்லன். நாள் முழுதும் கொழுந்து எடுத்த அதே மருமகள். அடுப்படியில் குனிந்து ஊதப் போவதும் அவரே. மற்றவர் முதுகில் சுமையை ஏற்றிவிட்டு நான் தருமவானாகிவிடுவேன். எரிகிற வீட்டில் குளிர்காய்வது என்று நாம் பழித்துச் சொல்வோமே, அதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

விறகின் கதையைச் சற்றுப் பார்ப்போம். தோட்டங்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு மலையிலும் தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவார்கள். அப்போது கிடைக்கும் மிலாறுதான் லயத்து அடுப்பின் உயிர். அருகில் கவ்வாத்து நடக்காத காலத்தில் தூரம் போக வேண்டும். மேலே நக்கிள்ஸ் காடு இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டு, 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே மரம் வெட்டக்கூடாது என்ற சட்டம் நியாயமானதே. கீழேயுள்ள வயல்களுக்கும் கிணறுகளுக்கும் தண்ணீர் தருவது அந்தக் காடு. விறகுக்கு மாற்று என்ன? 2022ஐ நாம் மறக்கவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டரின் விலை 4,860 ரூபாயாயிற்று. 2021இல் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளமோ 1,000 ரூபாய். ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய ஐந்து நாள் உழைப்பு. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. பட்டணத்திலேயே பலர் விறகுக்குத் திரும்பினார்கள். லயத்தில் இருந்தவர்களுக்குத் திரும்புவதற்கு வேறு இடம் இருக்கவில்லை.

புகையின் கணக்கும் உண்டு. விறகு, சாணம், கரி, மண்ணெண்ணெய் முதலியவற்றை வீட்டுக்குள் எரிப்பதால் எழும் மாசினால் 2020இல் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். ஆகவே அந்தக் காம்பராவில் பாட்டிக்குக் கூடும் ஒவ்வொரு மணி நேரமும் பேரனுக்குக் குறையும் மூச்சு. இருவரும் ஒரே கூரையின் கீழ்; இருவரும் குற்றமற்றவர்கள்.

சிலர் இதற்கு எளிதாக விடை சொல்வார்கள். ‘அவரவர் காசு, அவரவர் நெருப்பு, இதில் மற்றவருக்கு என்ன?’ என்பது ஒன்று. ஆனால் நெருப்பு எரிப்பவனோடு முடிவதில்லை. புகை பிள்ளையின் நெஞ்சுக்குள் போகிறது. வெட்டிய மரத்தின் குறை கீழேயுள்ளவனின் கிணற்றில் தெரிகிறது. இலண்டன் வீட்டுக் கொதிகலனின் புகையும் நாமெல்லாரும் சுவாசிக்கும் வானத்துக்கே போகிறது. ‘நம் முன்னோர் தாங்கிக்கொள்ளவில்லையா?’ என்பது மற்றொன்று. தாங்கினார்கள், பலர் தாங்க முடியாமல் இறந்தும் போனார்கள். இறந்தவர்கள் வந்து சாட்சி சொல்வதில்லை.

வேதாகமத்தில் யாத்திராகமம் இருபத்திரண்டாம் அதிகாரத்தில் ஒரு கட்டளை இருக்கிறது. ஏழையின் மேலாடையை அடகாக வாங்கியவன் பொழுது சாயுமுன் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரவில் போர்த்துக்கொள்ள அவனுக்கு வேறில்லை என்பதே காரணம். கவனியுங்கள்: அந்தக் கட்டளை குளிரில் கிடப்பவனிடம் பேசவில்லை, பொறுமையாயிரு என்று அவனுக்குப் புத்தி சொல்லவில்லை. ஆடை யார் கையில் இருக்கிறதோ அவனிடம் பேசுகிறது. கடன் நியாயமானதாகவே இருக்கலாம். ஆயினும் இரவின் குளிர் கடனைவிடப் பெரிய நியாயம் என்கிறது.

ஆகவே, ‘எத்தனை மணி நேரம்?’ என்ற கேள்விக்கு ஓர் எண்ணை என்னால் சொல்ல முடியாது. எண்ணும் முறையைச் சொல்லலாம்.

முதலாவதாக, வீட்டில் ஆக அதிகமாகக் குளிர்பவரிடமிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். அவர் பெரும்பாலும் பேச்சில் குறைந்தவராக, காசு சம்பாதிக்காதவராக, ‘பழகிவிட்டது’ என்று சொல்பவராக இருப்பார். இரண்டாவதாக, அந்த நெருப்புக்கு யார் என்ன கொடுக்கிறார் என்பதைச் சேர்த்து எண்ண வேண்டும். காசை மட்டுமல்ல, விறகு பொறுக்கும் கை, புகை குடிக்கும் நெஞ்சு, வெட்டப்படும் காடு ஆகிய எல்லாம் கணக்கில் வர வேண்டும். மூன்றாவதாக, நேரத்தைக் கூட்டுமுன் வீணாவதைக் குறைக்க வேண்டும். பச்சை விறகின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீரே. அதை எரிக்கும்போது சூட்டின் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கவே போகிறது, புகையும் கூடுகிறது. வெயில் காலத்திலேயே வெட்டி, இஸ்தோப்பில் அடுக்கி உலர வைத்த மிலாறு குறைவாகப் புகைந்து கூடுதலாகச் சுடும். ‘அனகி’ என்னும் இரண்டு பானை மண் அடுப்பு நம் நாட்டில் பல்லாண்டுகளாக விற்கப்படுகிறது; மூன்று கல் அடுப்பைவிட அதற்கு விறகு குறைவு. அடுப்புக்கு மேலே புகை போக ஒரு வழி, படுக்கைக்குக் கீழே ஒரு தடித்த சாக்கு, சுடுநீர் நிரப்பித் துணி சுற்றிய ஒரு போத்தல் ஆகியவற்றின் விலை அதிகமில்லை. இரவெல்லாம் எரியும் நெருப்பைவிட அவை ஒரு முதிய உடலுக்கு நல்லவை.

இவ்வளவும் செய்த பின்னும் போதாமல் இருந்தால்? பல காம்பராக்களில் போதாமல்தான் இருக்கும். அப்போது குறை அந்த வீட்டாரின் சிக்கனத்தில் இல்லை என்று துணிந்து சொல்ல வேண்டும். சூட்டை நிறுத்தாத தகரக் கூரையும், புகை போகாத சுவரும், விறகு வாங்கப் போதாத கூலியும் அவர்கள் ஏற்படுத்திக்கொண்டவை அல்ல. மேலாடை யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி அங்கே தோட்ட நிர்வாகத்தையும், அரசையும், மலையகத் தேயிலையைக் குடித்துக் கதகதப்படையும் நம் எல்லோரையும் நோக்கித் திரும்புகிறது. ஏழைக்குச் சிக்கனம் போதிப்பது எளிது. அவன் கூரையை மாற்றிக் கொடுப்பதே கடினம்.

இலண்டன் அன்பருக்கு நான் எழுதிய பதில் சுருக்கமானது. அங்கேயும் 2022இல் எரிபொருள் விலை மிக ஏறியதை அறிவேன். 2021 ஒக்டோபரில் ஒரு சாதாரண குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,277 பவுண் என்றிருந்த உச்சவரம்பு மறு ஏப்ரலில் 1,971 ஆயிற்று. அவருடைய சிக்கனத்தை நான் பழிக்கவில்லை. ஆனால், ‘ஐந்து மணி நேரமா, ஏழு மணி நேரமா என்று கணவனும் மனைவியும் வாதாடுவதை நிறுத்திவிட்டு, முதலில் உங்கள் அம்மாவைக் கேளுங்கள். நீங்கள் ஊட்டி வளர்த்த நேரத்தையல்ல, உங்களை ஊட்டி வளர்த்தவரைக் கேட்டு நேரத்தைக் குறியுங்கள். வீடு முழுவதும் சூடாக வேண்டாம். அவர் இருக்கும் அறை பகலிலும் சூடாக இருக்கட்டும்’ என்று எழுதினேன்.

பன்விலக்கும் மறுபடி போனேன். மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் தானே மிலாறு கட்டி வருகிறாராம். மருமகள் அதைச் சொல்லும்போது முகத்தில் சிரிப்பிருந்தது. பேரனின் படுக்கை அடுப்பிலிருந்து தள்ளிப் போயிருந்தது. பாட்டியின் மடியில் சுடுநீர்ப் போத்தல் இருந்தது. ஆனாலும் ‘குளிரு போயிடுச்சா?’ என்றதற்கு, ‘கொறஞ்சிருக்கு சாமி’ என்றுதான் சொன்னார். கூரை பழைய தகரமே.

கடைசியாக என்னைப் பற்றியும் ஒன்று. எங்கள் பங்குமனையில் தினமும் காலை ஐந்தரைக்கு என் அறை வாசலில் ஒரு வாளி சுடுநீர் இருக்கும். எத்தனையோ ஆண்டுகளாக அதில் குளித்துவிட்டுப் பூசைக்குப் போயிருக்கிறேன். அந்த நெருப்பை மூட்டச் சமையற்காரப் பெரியவர் எத்தனை மணிக்கு எழும்புகிறார் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. பாட்டியின் சொல்லைக் கேட்டு வந்த பிறகுதான் கேட்டேன். நான்கு மணிக்கு என்றார். இருமிக்கொண்டே சொன்னார்.

வாசகர்களே, இன்றிரவு உங்கள் வீட்டு அடுப்பை அணைக்குமுன் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அது அணையும்போது யாருக்குக் குளிர் தொடங்குகிறது? நாளை அதை மூட்ட யார் முதலில் எழும்புகிறார்? இந்த இருவரின் பெயரும் தெரிந்த வீட்டில், எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.