பதினெட்டு மணி நேரப் பயணமும் ஐந்து வக்துத் தொழுகையும்

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்குச் சுமார் 15,300 கிலோமீட்டர். விமானம் எங்கும் இறங்காமல் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பறக்கிறது. உலகின் மிக நீண்ட விமானப் பயணங்களில் இதுவும் ஒன்று.

விமானம் இரவில் புறப்பட்டுப் பசிபிக் கடலைக் கடந்து கிழக்கே செல்வதாக வைத்துக்கொள்வோம். சூரியனை எதிர்கொண்டு போவதால் பகல் சுருங்கிவிடுகிறது. வழியில் ஃபஜ்ர் வருகிறது. சில மணி நேரத்தில் லுஹரும் அஸரும் வந்து போகின்றன. பிறகு மஃக்ரிப், இஷா. ஐந்து வக்தும் வானத்திலேயே வந்துவிடுகின்றன! "இறங்கியதும் களா செய்துகொள்ளலாம்" என்று படுத்துவிட்டால் ஒரு நாளின் தொழுகையே கைநழுவிப் போகும்.

சிந்தித்துப் பாருங்கள். இந்த ஐந்து வக்துத் தொழுகை நமக்கு எப்போது கடமையானது? ஒரு பயணத்தில்தான்! மக்காவிலிருந்து பைத்துல் முகத்தஸ் சுமார் 1,200 கிலோமீட்டர். அன்றைய ஒட்டகக் கூட்டத்துக்கு அது ஏறக்குறைய ஒரு மாதப் பயணம். அல்லாஹ் தன் தூதரை ஓர் இரவின் சிறு பகுதியில் அழைத்துச் சென்றான். அங்கிருந்து விண்ணுக்கு உயர்த்தினான். அந்த மிஃராஜில் கிடைத்த பரிசு தொழுகை. வானத்தில் கிடைத்த பரிசை வானத்திலேயே நாம் தவற விடலாமா?

மார்க்கம் நம்மைச் சிரமப்படுத்தவில்லை. லுஹர், அஸர், இஷா நான்கு ரக்அத்களைப் பயணி இரண்டாகச் சுருக்கித் தொழலாம். "இப்போது பயமில்லையே, எதற்குச் சுருக்க வேண்டும்?" என்ற ஐயம் உமர் (ரலி) அவர்களுக்கே வந்தது. அது அல்லாஹ் உங்களுக்கு வழங்கிய தர்மம், அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள் (முஸ்லிம்). "விமானத்தில் சொகுசாகத்தானே போகிறோம்" என்பவர்களுக்கும் அதே பதில்தான்.

ஷாஃபிஈ மத்ஹபினர் லுஹரையும் அஸரையும், மஃக்ரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். ஹனஃபி மத்ஹபினர் அந்தந்த வக்தில் தொழ வேண்டும். வக்தை அறியப் புறப்பட்ட ஊர்க் கடிகாரத்தையோ சேரும் ஊர்க் கடிகாரத்தையோ பார்க்காதீர்கள். விமானம் இருக்கும் இடத்தில் சூரியன் எங்கே நிற்கிறது என்று ஜன்னல் வழியாகப் பாருங்கள். புறப்படும் முன்பே உளூச் செய்துகொள்ளுங்கள். இடமிருந்தால் கிப்லாவை நோக்கி நின்று தொழுங்கள். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம் என்பது நபிவழி (புகாரி). இருக்கையிலேயே, கிப்லாவை நோக்க முடியாமல் தொழுதவர் பிறகு மீட்டித் தொழ வேண்டுமா என்பதை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வக்தை மட்டும் வீணாக்காதீர்கள்.

பயணச்சீட்டு எடுக்கும்போது எத்தனை மணிக்குப் புறப்பாடு, எத்தனை மணிக்கு வருகை, சாப்பாடு உண்டா என்று எல்லாம் பார்க்கிறோம். வழியில் எத்தனை வக்து வருகிறது என்பதையும் இனிப் பார்ப்போம். நாம் எல்லோரும் இன்னொரு நீண்ட பயணத்தில் இருக்கிறோம். அதன் தூரம் நமக்குத் தெரியாது, இறங்கும் நேரமும் தெரியாது. அங்கே முதலில் விசாரிக்கப்படுவது தொழுகை.

யா அல்லாஹ்! ஊரிலும் பயணத்திலும் தொழுகையைப் பேணுவோராக எங்களையும் எங்கள் சந்ததிகளையும் ஆக்குவாயாக! பயணத்தில் இருப்போரைப் பத்திரமாகக் குடும்பத்தாரிடம் சேர்ப்பாயாக! ஆமீன்.