வாசிக்காதவனின் பொறுப்பு

புத்தகம் விற்பவன் அதைப் படித்திருக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்கு இரண்டு உச்சநீதிமன்றங்கள் ஐந்தாண்டு இடைவெளியில் எதிரெதிரான பதில்களைத் தந்திருக்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸ் கடைக்காரர் ஒருவரின் வழக்கில், 1959ல், அமெரிக்க உச்சநீதிமன்றம் உள்ளே இருப்பது என்னவென்று அறியாதவனைத் தண்டிக்கலாகாது என்றது. தண்டித்தால், தான் படித்துப் பார்த்ததை மட்டுமே அவன் விற்பான். ஊருக்கும் அவ்வளவுதான் கிடைக்கும். லாரன்ஸின் 'லேடி சாட்டர்லியின் காதலன்' நாவலை விற்ற பம்பாய்க் கடைக்காரர் வழக்கில், 1964ல், நமது உச்சநீதிமன்றம், அது ஆபாசம் என்பது அவருக்குத் தெரியும் என்று நிரூபிக்கத் தேவையில்லை என்றது.

பிறர் ஏற்றி வைப்பவற்றுக்கு இணையக் கம்பெனிகள் பொறுப்பா என்ற சர்ச்சையும் அடிப்படையில் இந்தக் கடைக்காரனின் பிரச்னைதான். ஆனால் இங்கே அது விசித்திரமாகத் திரும்புகிறது. 1991ல் நியூயார்க்கில் கம்ப்யூசர்வ் மீது ஒரு அவதூறு வழக்கு. தன் வழியே போவதை அது பரிசீலிப்பதில்லை, ஆகவே நூலகம் போன்றது, பொறுப்பில்லை என்று தீர்ப்பு. 1995ல் பிராடிஜி மீது இன்னொன்று. அந்தக் கம்பெனி விதிகள் வகுத்தது, கெட்ட வார்த்தைகளை வடிகட்டியது. ஆகவே அது பிரசுரகர்த்தர், பொறுப்பு உண்டு. கண்ணை மூடிக்கொண்டவன் நிரபராதி, கொஞ்சம் பார்த்தவன் குற்றவாளி. இந்த அபத்தத்தை நீக்கவே 1996ல் அமெரிக்கா 230வது பிரிவை இயற்றியது. பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், சில விலக்குகள் நீங்கலாக, பிறர் சொல்லுக்குக் கம்பெனி பிரசுரகர்த்தர் அல்ல என்றாயிற்று.

எழுதுகிறவர்கள் இதை ஆதரிக்கக் காரணம் உண்டு. பயந்துபோன கடைக்காரன் முதலில் தூக்கி எறிவது லாபம் தராத சரக்கைத்தான். அதாவது, நம் பத்திரிகைகளை. நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் கம்பெனி 'அறிந்ததாக' ஆகும் என்று 2015ல் ஷ்ரேயா சிங்கல் வழக்கில் நமது உச்சநீதிமன்றம் வரையறுத்ததையும் நான் இதனாலேயே ஏற்கிறேன். இல்லாவிட்டால் புகார் எழுதத் தெரிந்த எவனும் தணிக்கை அதிகாரி ஆகிவிடுவான்.

ஆனால் இன்றைய கம்பெனி அலமாரியில் புத்தகத்தை வைத்துவிட்டுக் காத்திருக்கும் கடைக்காரன் அல்ல. எது யார் கண்ணில் பட வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. தேர்வு என்பது வாசிப்பின் விளைவு என்று விமர்சனம் இதுநாள்வரை நம்பிவந்தது. இப்போது தேர்வு வாசிப்பிலிருந்து கழன்றுகொண்டது. அல்காரிதம் எதையும் வாசிப்பதில்லை. ஒரு கண் எத்தனை விநாடி நின்றது என்று அளந்து, அடுத்ததை நீட்டுகிறது. படிக்காமல் தேர்ந்தெடுப்பது நம் பரிசுக் குழுக்களுக்கும் தெரிந்த வித்தைதான் என்றாலும், இந்த வேகம் அவற்றுக்கு வராது.

நமது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79வது பிரிவு, விலக்குக்கான நிபந்தனைகளில், செய்தியைத் தேர்ந்தெடுக்காதிருப்பதையும் பெறுபவரைத் தேர்ந்தெடுக்காதிருப்பதையும் சொல்கிறது. எழுதியவர்கள் எதை நினைத்து எழுதினார்களோ, பிரச்னையின் நரம்பு அங்கேதான் இருக்கிறது. யூடியூபின் சிபாரிசுகள் பற்றி இதே கேள்வி 2023ல் அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. 230வது பிரிவைத் தொடாமலே அது வழக்கைத் திருப்பி அனுப்பியது.

நான் வேலை பார்ப்பது வங்கியில். கோடிட்ட காசோலையை வாடிக்கையாளருக்காக வசூலித்தபின், அது அவருக்கு உரியதல்ல என்று தெரியவந்தாலும், 1881ம் வருஷத்துச் சட்டம் வங்கியைக் காக்கிறது. ஆனால் நல்லெண்ணத்தோடும் கவனக்குறைவின்றியும் வசூலித்திருக்க வேண்டும். 'தெரியாது' என்பது மட்டும் போதாது. தெரிந்துகொள்ள என்ன செய்தாய் என்றும் கேட்பார்கள். கோடிக்கணக்கான காசோலைகள் என்பது அங்கே சமாதானமாகாது.

இரண்டு பொறுப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. சொல்லின் பொறுப்பு எழுதியவனுடையது. அதைக் கம்பெனியின் தலையில் கட்டினால் மௌனம்தான் மிஞ்சும். நான் தேடிக் கேட்டதை எடுத்துக் கொடுத்ததற்கும் கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன். நான் கேட்காததை எனக்கென்று பொறுக்கி அனுப்புவது வேறு காரியம். அது அவர்களுடைய செயல், அவர்களுடைய லாபம். அங்கே கேட்க வேண்டியது 'உனக்குத் தெரியுமா' என்றல்ல, 'இதை இவனுக்கு ஏன் அனுப்பினாய்' என்று. படிக்கவில்லை என்பது அதற்குப் பதில் ஆகாது.