புகை இடம் மாறினால் வினை தீருமா?

கல்வராயன் மலையடிவாரத்தில் கோமுகி அணையின் தண்ணீர் எட்டாத கொல்லைகளில் கரும்புக்கும் மரவள்ளிக்கும் கிணறும் போரும்தான் கதி. ஒருகாலத்தில் டீசல் என்ஜின் தடதடத்த கிணற்றடியில் இன்று கரண்ட் மோட்டார் ஓடுகிறது. புகையில்லை, எண்ணெய் நாற்றமில்லை. 1990 முதல் தமிழக விவசாயிகள் அனைவருக்கும் பம்ப்செட் மின்சாரம் இலவசம்.

கண்ணில் படாத தீங்கு தீங்கில்லையா?

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. புகை எரித்தவர் முகத்திலேயே அடிக்கும். மின்சாரத்தின் புகையோ நெய்வேலி போன்ற அனல்மின் நிலைய ஊர்களின் தலையில் விழுகிறது. அங்கே நிலக்கரிச் சுரங்கம் மூழ்காதிருக்க, நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைத்து வெளியேற்ற வேண்டியிருக்கிறது.

எண்ணமே வினை என்றது பௌத்தம். அறியாமல் செய்தாலும் வினை ஒட்டும் என்றது சமணம். கண்ணில் படாத இந்தப் புகைக்கும் அந்தச் சொல் பொருந்தும்.

டீசல் ஊற்றியவர் வயல் நனைந்ததும் என்ஜினை நிறுத்தினார். காசு அவரை விழிக்க வைத்தது. ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட மோட்டாரோ கரண்ட் வந்ததும் தானே ஓடி, ஆள் உறங்கும்போதே வரப்பை உடைக்கிறது.

டீசலைவிட மின்சாரமே மேல். காற்றிலும் வெயிலிலும் பிறக்கும் மின்சாரம் அதனினும் மேல். ஆனால் எந்த மோட்டாரானாலும், மடை நிறைந்ததும் எழுந்து போய் நிறுத்துங்கள்.