ஹேண்ட் பிரேக் யாருக்காக?

மலையகத்துத் தோட்ட ரோடுகளில் சமதரை கிடைப்பது அபூர்வம். ஹற்றனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போனாலும், தலவாக்கலையிலிருந்து லிந்துலைக்குப் போனாலும், வண்டியை நிறுத்துகிற இடம் ஏற்றமாகவோ இறக்கமாகவோதான் இருக்கும். ரோட்டுக்குக் கீழே தேயிலை, அதற்கும் கீழே லயம், லயத்து வாசலில் விளையாடும் பிள்ளைகள். இப்படிப்பட்ட மண்ணில் ஹேண்ட் பிரேக் போடுவது மூச்சு விடுவதைப் போலப் பழகிப்போயிருக்க வேண்டும். ஆனால் நம்மில் பலர் கியரில் விட்டுவிட்டு இறங்கிவிடுகிறோம். மிஞ்சிப்போனால் டயருக்கு ஒரு கல்.

தேயிலை நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் நிற்கும் கொழுந்து லொறியைக் கவனித்துப் பாருங்கள். பெட்டரி பழசானால் சாரதி என்ஜினை அணைக்க மாட்டார். அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகுமோ ஆகாதோ என்ற பயம். என்ஜின் ஓடும்போது கியரில் விட முடியாது. ஹேண்ட் பிரேக் கேபிளும் தளர்ந்து போயிருந்தால் மிச்சம் இருப்பது கல் ஒன்றுதான். லொறி முழுதாக நிற்பதற்குள் கிளீனர் குதித்து, கையில் அகப்பட்ட கல்லைப் பின் டயருக்கு அடியில் செருகுகிறார். விரல் ஒரு அங்குலம் உள்ளே போனாலும் போச்சு. பிறகு சாக்குகள் ஏறத் தொடங்கும். மழை நாளில் ஈரக் கொழுந்து. பாரம் இன்னும் அதிகம். வெறும் லொறியைப் பிடித்து நின்ற கல் இப்போது நிறைந்த லொறியைப் பிடிக்க வேண்டும். பத்தடிக்கு ஓரடி ஏறும் சரிவில் நான்கு தொன் வண்டி ஏறக்குறைய 400 கிலோ பாரத்தின் இழுவையோடு கீழே போகப் பார்க்கும். நனைந்த தாரில் அந்தக் கல்லே சறுக்கிக்கொண்டு போகலாம். லொறி புறப்பட்ட பின் கல் ரோட்டின் நடுவிலேயே கிடக்கிறது. பனிமூட்டத்தில் வளைவு திரும்பி வரும் மோட்டார் சைக்கிளுக்கு அது தெரியாது.

இதையெல்லாம் சாரதியின் அலட்சியம் என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஹேண்ட் பிரேக் என்பது பெரும்பாலான வாகனங்களில் உறைக்குள் ஓடும் ஒரு கம்பிக் கேபிள். பின் சில்லுகளின் பிரேக்கை இழுத்துப் பிடிக்கும். மழையும் மூடுபனியும் ஓயாத இடத்தில் அதைப் பாவிக்காமல் விட்டால் உறைக்குள் துரு ஏறும். என்றைக்கோ ஒரு நாள் இழுத்தால் திரும்ப விடாது; சில்லு இறுகி, சூடேறி, கருகின வாசனை வரும். அன்றோடு அந்த லீவரில் சாரதி கை வைக்க மாட்டார். பாவிக்காததால் கெட்டது, கெட்டதால் பாவிப்பதில்லை. கிளட்ச் போனால் லொறி ஓடாது, அன்றைக்கே கராஜுக்குப் போகும். ஹேண்ட் பிரேக் போனாலும் லொறி ஓடும். ஓடுகிற வண்டியில் காசு செலவழிக்க யாருக்கும் அவசரமில்லை. உழைப்புக்கு உதவாத ஒரே பிரேக் அது. வண்டி நிற்கும்போது கீழே இருக்கிறவர்களைக் காப்பதுதான் அதற்குரிய வேலை.

அரசின் விதிமுறையும் இப்படித்தான் இருக்கிறது. 2008இல் புகைப் பரிசோதனை வந்தது. இன்று சொந்தக் காருக்கு வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கக் காப்புறுதியும் புகைச் சான்றிதழும் கேட்கிறார்கள். காற்றைக் காப்பது நல்ல காரியம். அதே இடத்தில் வண்டியை ஒரு சரிவில் நிறுத்தி, லீவரை இழுத்து, கால் பிரேக்கை விட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. அதை யாரும் கேட்பதில்லை.

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா வரும் ஓட்டோமெட்டிக் கார்களில் வேறொரு நம்பிக்கை குடியிருக்கிறது: ‘பி’யில் போட்டாயிற்று, போதும். அந்த ‘பி’ கியர்பெட்டிக்குள் ஒரு பற்சக்கரத்தின் பல்லிடுக்கில் மாட்டிக்கொள்கிற சிறிய இரும்புத் துண்டு. முழுக் காரையும் அதில் தொங்கவிடக் கூடாது. கால் பிரேக்கை மிதித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பாரம் அதில் இறங்கிய பிறகுதான் ‘பி’. றம்பொடை இறக்கம் முழுக்க பிரேக் பிடித்து வந்தவர் இன்னொன்றையும் நினைக்க வேண்டும்: பின் சில்லில் டிஸ்க் பிரேக் இருந்தால், சூடான தட்டு ஆறும்போது சுருங்கும், பிடி தளரும். தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் கார் நகர்ந்திருக்கலாம். 2016 ஜூன் 19ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸில் நடிகர் அன்டன் யெல்சின் தன் வீட்டுச் சரிவில் தன்னுடைய ஜீப்பே உருண்டு வந்து நெரித்ததில் இறந்தார். வயது 27. கியர் எங்கே நிற்கிறது என்று ஓட்டுநருக்குச் சரியாகப் புலப்படாத அந்த வகை வாகனங்கள் ஏறத்தாழ 11 லட்சத்தை, இரண்டு மாதம் முன்னர்தான் கம்பனி திருத்தத்துக்கு அழைத்திருந்தது.

2023 ஜனவரி 20இல் நானுஓயாவில் வீதி விபத்தில் ஏழு பேர் போனார்கள். 2025 மே 11இல் கொத்மலை கெரண்டிஎல்லையில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். அப்போதெல்லாம் வேகம், தூக்கம், பழைய பஸ் என்று நாடே பேசியது, பேச வேண்டியதுதான். நிற்கிற வண்டியைப் பற்றியும் நாம் பேச வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

இறக்கம் பார்த்து நிறுத்தினால் ரிவர்ஸ் கியர், ஏற்றம் பார்த்தால் முதல் கியர். உருண்டால் மேட்டு மண்ணில் முட்டும்படி சில்லைத் திருப்பி வைத்தல். கல்லுக்குப் பதிலாகக் கைபிடி வைத்த இரண்டு மரக்கட்டைகள், அப்போது கிளீனரின் விரல் டயருக்குக் கிட்டப் போகாது. பாரம் ஏற்றும் முன் ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா என்று மடுவத்தில் வைத்தே ஒரு பரிசோதனை. பிடிக்காத லொறிக்குக் கொழுந்து ஏற்றக் கூடாது. இதற்குக் கொழும்பிலிருந்து சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தோட்டத்துத் துரை நாளைக் காலைப் பிரட்டில், வேலை பிரிக்கும்போது, சொன்னாலே போதும்.